மிதக்கிற தூசி, மூழ்குகிற தூசி

“சோத்துல உப்பு கீதான்னு பாக்கிற பொம்பளைங்கள பாத்துகீறேன். உப்புல சாக்பீஸ் கீதான்னு பாக்கிற பொம்பளைய இப்பத்தான்டி பாக்கிறேன்! பசிக்குது ஸ்டெல்லா, அந்த டம்ளர கீழ வச்சிட்டு சோத்தப் போடு!”

இது என் வீட்டுக்காரர் ஆரோக்கியம். கையில் தட்டோடு நிற்கிறார். நான் கண்ணாடி டம்ளரில் ஒரு கரண்டி உப்பைக் கலக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல உப்பு கரைந்து காணாமல் போகும். கலப்பட உப்பு தண்ணீரைக் கலக்கிவிட்டு அடியில் போய் உட்காரும். “கொஞ்சம் பொறுங்க, இன்னும் தெளியல” என்றேன். அவர் உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டைக் கவனிப்பது என்கிற இந்தத் தொழிலில் பாதி சமையல், பாதி துப்பறிதல். இதைப் படிக்கிற சக இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிளகில் பப்பாளி விதை இருக்குமோ, டீத்தூளில் சாயம் இருக்குமோ என்று யோசிக்காமல் ஒரு டப்பாவைத் திறந்திருக்கிறீர்களா? எனக்கு இது கான்வென்ட்டில் ஒட்டிக்கொண்ட வியாதி. பொருள்களை வகைப்படுத்து என்று கேள்வி வரும். மிதப்பவை, மூழ்குபவை, காந்தம் இழுப்பவை, இழுக்காதவை, எரிபவை, எரியாதவை. வகுப்பில் எல்லோரும் பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டார்கள். நான் திருவொற்றியூரில் குடித்தனம் வந்த பிறகும் விடவில்லை. ஆனால் உப்பு, மிளகு எல்லாம் விளையாட்டு. விஷயம் வீட்டுக்காரரின் மூச்சு என்று ஆனபோதுதான் நான் நிஜமாகவே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

டாக்டர் கொடுத்த வீட்டுப்பாடம்

போன மழைக்காலத்திலிருந்து அவருக்கு வீசிங். மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம் வரும். “சளிதான்டி” என்று மிளகு ரசத்தில் மூன்று மாதம் ஓட்டினார். ஒரு நாள் மாதா கோவில் பூசையில் முழங்காலிட்டவர் எழுந்திருக்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூட, அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஊதச் சொன்னார், படம் எடுக்கச் சொன்னார், பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

“என்ன வேலை?” என்று கேட்டார். இவர் துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டு கம்பெனிக்கு டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கைக் கணக்குப் பார்த்துக் குறிக்கிற வேலை. “முன்ன யார்டுல நின்னுகினு இருந்தேன் சார். இப்ப ஆபீஸ்ல போட்டுட்டாங்க, ஏசி ரூம்” என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: “அப்போ வீட்லதான்மா ஏதோ தூசி. எந்தத் தூசின்னு கண்டுபிடிச்சு அதுகிட்டருந்து இவரைத் தள்ளி வைங்க. இப்படியே விட்டா அடுத்த மழைக்கு ஆக்சிஜனோடதான் படுக்கணும்.”

ஒட்டாத பாத்திரம்

முதல் சந்தேகம் சமையலறை மேல். நாள் முழுக்க எரிகிற கேஸ் தீயின் புகையெல்லாம் நேராக அவர் கட்டிலுக்குத்தான் போகிறது. கேஸ் அடுப்பை மூட்டை கட்டிவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். அதற்குப் பாத்திரம் வாங்க வண்ணாரப்பேட்டைக்குப் போனபோது வழக்கம்போல் கைப்பையில் காந்தம். எவர்சில்வர் என்று சொல்லி இரும்பைத் தலையில் கட்டுகிற ஆட்கள் உண்டு என்பது என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேதவாக்கு. காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நயம்.

கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு சட்டியின் அடியிலும் காந்தம் பச்சென்று ஒட்டியது. “என்னைப் பார்த்தா ஏமாளியாத் தெரியுதா?” என்று கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். கலப்படக்காரன் விளக்கத்தை எதற்குக் கேட்பானேன் என்று நானே உள்ளே போய், காந்தம் வழுக்கி விழுகிற சட்டிகளாகப் பொறுக்கி எடுத்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தால் அது கீ கீ என்று கத்திவிட்டு அணைகிறது. சட்டி சூடாகவே இல்லை. மறுநாள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டைக்கு நின்றேன்.

அந்த அடுப்பே காந்த சக்தியில்தான் சட்டியைச் சூடாக்குகிறது, காந்தம் ஒட்டினால்தான் அது வேலை செய்யும் என்று அவர் அப்போதுதான் சொல்லி முடித்தார். முதல் நாள் அவர் சொல்ல வந்ததும் அதுதானாம். சட்டிகளை மாற்றிக் கொடுத்துவிட்டு என் கைப்பையைப் பார்த்தபடி சொன்னார்: “காந்தத்த மட்டும் ஊட்ல வச்சிட்டு வாம்மா, மீதிய நான் பாத்துக்கிறேன்.”

புகை நின்றது. விசில் நிற்கவில்லை.

தலையணைக்குப் பிரேதப் பரிசோதனை

அடுத்த சந்தேகம் தலையணை. இலவம் பஞ்சு என்று சொல்லித்தான் வாங்கினேன். ஆனால் தொட்டால் அங்கங்கே கட்டி கட்டியாக இருந்தது. ஓரத்தைப் பிரித்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டேன். இலவம் பஞ்சு தண்ணீரைக் குடிக்காது, மேலே வாத்து மாதிரி மிதக்கும். இது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நனைந்து முங்கியது. இன்னொரு பிடியைக் கம்பியில் சுற்றிக் கொளுத்தினேன். பஞ்சாக இருந்தால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது பாதி எரிந்தது, பாதி உருகிக் கறுப்பு மணியாக உருண்டது. அதாவது தையல்கடைக் கழிவும் நைலான் குப்பையும். இதில்தான் என் புருஷன் இரவெல்லாம் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர்ச் சொம்பும் தீப்பெட்டியுமாகப் பஞ்சுக்கடை பாயிடம் போனேன். பழைய தலையணையை அவர் கல்லா மேல் வைத்துக் குடலை உருவிக் காட்டினேன். பிறகு அவர் மூட்டைகளிலிருந்து ஒவ்வொரு பிடியாக எடுத்துச் சொம்பில் போட்டேன். கடைக்கு வந்த மற்றவர்கள் வாங்க வந்ததை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். நான்காவது மூட்டை மிதந்தது. தீயிலும் சுத்தமாக எரிந்தது. “இது” என்றேன். பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அக்கா, நாப்பது வருஷமா தலையணை விக்கிறேன், ஒருத்தரும் கெட்ட தூக்கம்னு வந்து நின்னதில்ல. நீங்க நல்லா தூங்கி எத்தினி நாளாச்சி?”

தலையணை மாறியது. விசில் மாறவில்லை.

மாடியில் மூன்று கட்சி

அப்புறம் மொட்டை மாடி. எங்கள் பக்கத்தில் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை எடுக்கும்போது வெள்ளையாக எடுத்தவர்கள் கிடையாது. யாருடைய தூசி என்றுதான் யாருக்கும் தெரியாது. பக்கத்து லாரி ஷெட் ஒரு கட்சி, ஊர்க்கோடிப் புகைபோக்கிகள் ஒரு கட்சி, ரோட்டு மண் ஒரு கட்சி. கீழ் வீட்டு செல்வி, “எல்லாம் கலீஜ்தான் யக்கா, அதுல இன்னா ஜாதி பிரிக்கிறது?” என்றாள். பிரிக்காமல் யாரோடு சண்டை போடுவது?

ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை மாடியில் வைத்தேன். மறுநாள் மெல்லிய படலம். காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே ஓட்டினேன். மயிர்முனை மாதிரி கொஞ்சம் துரு எழுந்து நின்றது. கன்டெய்னர் லாரி. மீதியை விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழவழப்பு, சாம்பல் நிறம். தண்ணீரில் போட்டேன், பெரும்பகுதி மெதுவாக இறங்கியது, மேலே மட்டும் ஒரு மெல்லிய ஆடை மிதந்தது. மண்ணுக்கு இந்த நளினம் கிடையாது. இது எங்கேயோ எரிந்து முடிந்த சாம்பல்.

தட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் லாரி ஷெட்டுக்குப் போனேன். முதலாளி தட்டை எட்டிப் பார்த்து, “எங்க வண்டி விடுறது கறுப்புப் புகைம்மா. உன் தட்டுல கீறது சாம்பக் கலரு. கலரப் பாத்து கேஸு போடு” என்றார். துரு உங்களுடையது என்றேன். துரு வேண்டுமானால் தன்னுடையதாக இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். சாம்பலுக்கு ஆள் தேடிப் போன மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்டார்கள். எனக்கு அது தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து மாடிப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்கில் ஈரத்துணி திணித்தேன். புழுக்கத்தில் நாங்கள் வெந்தோம்.

செல்வி மட்டும் மாடிக்கு வந்து தன் பங்குக்கு ஒரு கிண்ணம் வழித்துக்கொண்டாள். விலாங்கு மீனை வழுக்காமல் ஆய்வதற்குச் சாம்பல் வேண்டுமாம். போகும்போது சொன்னாள்: “நீ ஜன்னல அடச்சிக்க யக்கா, ஆனா மாடிய மட்டும் அடச்சிடாத. எனக்கு மீன் ஆயணும்.”

தன் சட்டையைத் தானே துவைக்கும் கணவன்

ஜன்னலை அடைத்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் வீட்டில்தான் இருக்கிறார். பூசை, மட்டன், தூக்கம். மூச்சு சீராக இருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் படியேறும்போது விசில். வீட்டுத் தூசி என்றால் ஞாயிற்றுக்கிழமை அல்லவா அதிகம் படுத்த வேண்டும்?

கூடவே இன்னொன்று. காபி குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனிதர், கொஞ்ச நாளாக வந்ததும் வராததுமாகத் தன் சட்டையைத் தானே வாளியில் அலசிக்கொண்டிருந்தார். “உனக்கு முதுகு வலிக்குதுன்னியே” என்று கரிசனம் வேறு. என் முதுகு கல்யாணமான நாளாக வலிக்கிறது. சகோதரிகளே, தன் சட்டையைத் தானே துவைக்கிற புருஷனைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. ஒரு நாள் அவர் குளிக்கிற நேரத்தில் சட்டையைத் தூக்கி, எவளுடைய சென்ட் என்று கண்டுபிடிக்க ஆழமாக மோந்தேன்.

தும்மல் வந்தது. மூக்கைத் துடைத்த கைக்குட்டையில் கறுப்பு. நான் தும்முகிற சத்தம் கேட்டுக் குளியலறைக்குள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார்: “அந்த சட்டைய தொடாத ஸ்டெல்லா, அப்பால நானே அலசிக்கிறேன்!”

மறுபடி எரிந்த சாம்பல்

தொட்டேன். சட்டையைப் பேசினில் அலசி, அந்தத் தண்ணீரைக் கலைக்காமல் வைத்தேன். மேலே ஆடை எதுவும் மிதக்கவில்லை. அடியில் கறுப்பாக ஒரு வண்டல். உலர்த்தி வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தேன், பென்சில் கோடு மாதிரி பளபளப்பாக விழுந்தது. காந்தத்தை அது மதிக்கவே இல்லை. விரலில் நெருநெருவென்று உறுத்தியது. மாடித் தட்டில் இருப்பதற்கும் இதற்கும் சொந்தபந்தம் கிடையாது.

கடைசிச் சோதனைக்காக மூட்டை கட்டிய கேஸ் அடுப்பை மறுபடி வெளியே எடுத்தேன். பழைய கரண்டியில் மாடித் தூசியை வைத்துத் தீயில் காட்டினேன். எவ்வளவு நேரம் காட்டினாலும் அது அப்படியே கிடந்தது. ஒருமுறை எரிந்தது மறுபடி எரியாது. பிறகு சட்டைத் தூசி. முதலில் பேசாமல் இருந்தது. அப்புறம் ஓரத்தில் சிவந்தது, பொறி பறந்தது, கரி வாடை எழுந்தது. ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற மனிதனின் சட்டையில் நிலக்கரி.

சோறு போடும்போது ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்: “ஆபீஸ் ரூம்லாம் எப்படி இருக்கு? ஏசி ஒழுங்கா ஓடுதா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்: “அத்த ஏன் கேக்கற, குளுரு தாங்கல. நாளிக்கி அந்த வெள்ள சால்வைய எடுத்து குடு.”

மடிப்பு

கொடுத்தேன். பீரோவிலிருந்து எடுத்து, மடிப்புக்குள் இருந்த பாச்சை உருண்டையை எடுக்காமல் அப்படியே கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தது. வெள்ளை வெளேரென்று, நான் மடித்த மடிப்பு கலையாமல், உருண்டை உள்ளேயே இருந்தபடி. சட்டைக் காலரிலோ விரல் வைத்தால் அச்சு விழுகிறது.

“போத்திக்கவே இல்லையா?” என்றேன். “அழுக்காயிடப் போவுதுன்னு பத்திரமா வச்சிகினேன்” என்றார். ஏசி ரூமில் என்ன அழுக்கு என்று கேட்டேன். அவர் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்து, “கொழம்பு வாசன தூக்குது ஸ்டெல்லா, இன்னா மீனு?” என்றார்.

டீ குடித்த மஸ்தான்

அவரோடு வேலை செய்யும் மஸ்தான், இரவல் வாங்கிய ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இவர் மட்டன் வாங்கப் போயிருந்தார். நான் டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன், “ஏன் தம்பி, அந்த ஏசியில நீங்களும் சால்வை போர்த்திக்கிறீங்களா?”

மஸ்தானுக்குப் புரையேறியது. “இன்னா ஏசி அண்ணி? எங்களுக்கு மேல பாத்தா வானம், கீழ பாத்தா கரி” என்று சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கு உறைத்தது. அப்புறம் நான் விடுவேனா? மெய்யாலுமே ஆபீஸ் நாற்காலி கொடுத்தார்களாம், பிரசவத்துக்குப் போயிருந்த ஒரு பெண்ணின் இடம். அவள் திரும்பி வந்ததும் இவர் பழையபடி நிலக்கரி யார்டுக்கு. மூச்சு இழுக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தாராம். யார்டு வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று பதில் வந்ததாம். அதற்கப்புறம் யாரிடமும் யார்டைப் பற்றிப் பேசவில்லை. டாக்டரிடம்கூட.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றேன். மஸ்தான் பாதி பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: “உங்களுக்குத் தெரிஞ்சா நேரா ஹார்பர் கேட்டாண்ட வந்து நின்னுடுவீங்க, அவனுங்க அண்ணன அன்னிக்கே வேலய உட்டு தூக்கிடுவாங்க. அண்ணன் கரிக்கு பயப்படல அண்ணி, உங்களுக்குத்தான் பயப்படறாரு.”

இரண்டு தட்டு

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மட்டன் குழம்புக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகளை வைத்தேன். ஒன்றில் மாடித் தூசி, சாம்பல் நிறம். ஒன்றில் சட்டைத் தூசி, கறுப்பு. விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. கரியைப் பார்த்தே வயதானவர், அடையாளம் தெரியாமல் போகுமா? நான் ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்குத் தயாராக இருந்தேன். அவர் கறுப்புத் தட்டைக் குழம்பில் விழுந்துவிடாமல் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, “இந்த வயசுல என்ன வேற எவன்டி வேலைக்கு எடுப்பான்?” என்றார். அதற்கு என்னிடம் சோதனை எதுவும் இல்லை. பிரசங்கத்தை முழுங்கிவிட்டு இன்னொரு துண்டு கறி போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் எப்போதும்போல் சட்டை மாட்டினார். நான் தைத்து வைத்திருந்த இரட்டைத் துணி முகமூடியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். மூக்குக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடையை வண்டியில் மாட்டினார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில்தான் நின்றேன். கேட் வரைக்கும் போய்ச் சண்டை போட்டால் மூச்சு மிஞ்சும், வேலை போகும். போகாவிட்டால் வேலை மிஞ்சும்.

எந்தத் தூசி என்று கண்டுபிடிக்கக் கான்வென்ட் படிப்பு போதும், அந்தத் தூசிக்குள் தினமும் கிளம்பிப் போகிறவரை நிறுத்தத்தான் எந்த வகுப்பிலும் பாடம் வைக்கவில்லை.

வண்டியைக் கிளப்பினார். பின்னாலேயே நாலு எட்டு நடந்து, தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன்: “என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் போகாம இருங்களேன்.”